பதினாறு மில்லிமீட்டர்

நாலாயிரத்து இருநூறு ஸ்லோட்டி. அக்டோபர் தவணை முன்னூறைக் கொடுத்த பிறகும் ஸெனோன், கீழ்வீட்டு பானி லெயோகாடியாவுக்கு அவ்வளவு பாக்கி வைத்திருந்தான். அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்ணைப் பானி என்பார்கள், ஆணைப் பான் என்பார்கள். அவள் சமையலறை மேசையில் கோடு போட்ட நோட்டை விரித்து, பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதினாள். பிறகு, ஒவ்வொரு மாதமும் செய்வதுபோல, எழுந்து போய்க் கூடத்தில் மீன்தொட்டியின் முன்னால் நின்றாள்.

"கண்ணாடிய நல்லா தேச்சு வச்சிருக்கீங்களே, பான் ஸெனோன்."

"ஆமா பானி" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவன் கண்ணாடி தேய்த்து நான்கு நாளாகியிருந்தது.

பவளத் தொட்டியை இரண்டு நாள் தேய்க்காமல் விட்டாலே உள்பக்கக் கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம் ஏறிவிடும். நான்கு நாளில் மீன்கள் வெறும் நிழலாகத்தான் தெரியும். இப்போதோ நடுவில் கண்ணாடி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. வலது பக்கம் கீழ்மூலையில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீற்று தேய்க்கப்படாமல் விடுபட்டிருந்தது. லெயோகாடியா அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்கோட்டின் பொத்தானை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

ஸெனோன் டைல்ஸ் ஒட்டுகிறவன். அவனுக்கு நாற்பத்தொன்பது வயது, அவன் முழங்கால்களுக்கு எழுபது. ஸாப்ஷே ஊரில் பாதி வீட்டுக் குளியலறைகள் அவன் கை பட்டவைதான். எதிலும் அவன் குளித்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சூப்பை நின்றபடியே குடித்துவிட்டு, அவன் உட்காரும் இடம் இந்தத் தொட்டியின் முன்னால் போட்ட முக்காலி. நானூற்று ஐம்பது லிட்டர் கடல். வாழ்க்கையில் அவனுக்கென்று கிடைத்த அழகான பொருள் அது ஒன்றுதான். அதுவும் முழுசாக அவனுடையது இல்லை என்று மாதம் ஒருமுறை அந்த நோட்டு நினைவூட்டிவிட்டுப் போகும்.

தொட்டியைப் பதினாலு வருஷம் வளர்த்தவர் லெயோகாடியாவின் புருஷன் ஹூபெர்ட். மார்ச்சில் அவர் செத்துப்போனார். ஏப்ரலில் ஸெனோன் ஆறாயிரத்துக்குப் பேசி, தவணை சொல்லி, மூன்றாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்குத் தூக்கிவந்தான். புதுத் தண்ணீரில் இறக்கினால் பவளமெல்லாம் ஒரே வாரத்தில் வெளுத்துவிடும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த பாடம். அதனால் பழைய தண்ணீரையே முட்டைக்கோஸ் ஊறுகாய் போடும் பீப்பாய்களில் நிரப்பி, கல்லையும் பவளத்தையும் அதிலேயே மூழ்கவைத்து, படிப்படியாக ஏற்றினான். கடைசி வாளியின் அடியில் நின்ற வண்டலைக்கூட அவன் கீழே கொட்டவில்லை. ஹூபெர்ட்டின் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் மேலே வந்து சேர்ந்தது.

வந்து ஆறு மாதமாகியும் அது ஹூபெர்ட்டின் தொட்டியாகத்தான் இருந்தது. ஸெனோன் கையை விட்டால் பவளங்கள் சுருங்கிக்கொள்ளும். கோமாளி மீன் கல்லுக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டும். கிழவர் உயிரோடிருந்தபோது கீழே போய்ப் பார்த்திருக்கிறான். அதே மீன் அவர் மணிக்கட்டில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு, விரல் இடுக்கில் படுத்துக் கிடக்கும். செத்த மனுஷன்மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று ஸெனோனுக்குத் தெரியும். தெரிந்து என்ன?

அந்த வாரமே கோர்னெல் வந்தான். சுரங்கத்தில் மின்வேலை பார்க்கிறவன், தொட்டிக்காரர்களின் சங்கத்தில் பழக்கம். வந்ததும் முக்காலியில் உட்கார்ந்து, கீழ் அலமாரியைத் திறந்து, சிக்கிக் கிடந்த வயர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"எத்தன நாளைக்குடா வாளியும் கையுமா அலைவ? ஒரு கண்ட்ரோலர மாட்டு. சூடு, உப்பு, தண்ணி மட்டம், எல்லாத்தையும் அது பாத்துக்கும். கொறஞ்சா ஊத்தும், கூடுனா கத்தும். நீ க்ராகோவ்ல எவன் கக்கூஸ்லயாவது முட்டி போட்டுக்கிட்டு இருப்ப, இங்க நடக்குறது உன் போன்ல தெரியும்."

"எனக்கு ரெண்டு கை இருக்கு."

"இருக்கு. ஒண்ணு தொட்டிக்குள்ள, இன்னொண்ணு பர்ஸ கெட்டியா பிடிச்சுக்கிட்டு. என்கிட்ட பழசு ஒண்ணு கெடக்கு, ஆயிரத்து நானூறு குடு. உனக்குன்றதால."

"ஹூபெர்ட் பதினாலு வருஷம் மெஷின் இல்லாமத்தான வச்சிருந்தாரு?"

"அவரு பென்ஷன் வாங்குன ஆளு. நாள் பூரா இத கட்டிக்கிட்டு அழுதாரு. நீ யாரு?"

அந்தக் கேள்வி உள்ளே போய்த் தங்கிவிட்டது. அந்தக் கண்ட்ரோலர் பெட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டால் அப்புறம் தான் எதற்கு என்பதுதான் ஸெனோனின் பயம். இப்போதே தொட்டி அவனை வேலைக்காரனாகத்தான் வைத்திருக்கிறது. அந்த வேலையையும் பிடுங்கிக்கொண்டால் அவன் வெறும் பார்வையாளன். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

இரண்டு நாள் கழித்து, சாய்ந்து கிடந்த ஒரு பவளத் துண்டு நிமிர்ந்து நின்றது. மணலில் விழுந்திருந்ததை ஞாயிற்றுக்கிழமை ஒட்ட வேண்டும் என்று விட்டிருந்தான். யாரோ அதைக் கல் இடுக்கில், வெளிச்சம் சரியாகப் படுகிற பக்கமாகத் திருப்பிச் செருகியிருந்தார்கள். அவன் செய்திருந்தால் அந்த இடம் தோன்றியிருக்காது. அதைவிட நல்ல இடம் தொட்டியில் இல்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அதுதான் அவனைச் சுட்டது.

தண்ணீரில் கார உப்பு எவ்வளவு என்று பார்க்கச் சோதனைக் குழாயை எடுத்தான். தண்ணீரை நிரப்பி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிறவரை எண்ணினான். எட்டுச் சொட்டு. வேலை மும்முரத்தில் மூன்று நாளாகக் கார உப்புக் கரைசல் ஊற்றவில்லை. ஆறுக்கு இறங்கியிருக்க வேண்டும். மறுபடி செய்தான். எட்டு. அவன் ஊற்றுகிற நாட்களில்கூட அப்படி நேர்க்கோட்டில் நின்றதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது யோவிதாவிடம் கேட்டான். அவன் மனைவி ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறாள். விடிகாலை இரண்டரைக்கே கிளம்பிவிடுவாள்.

"நீ தொட்டியில கை வச்சியா?"

"மாவுல வச்சே என் கை ஓஞ்சு போச்சு. உன் வப்பாட்டிய நான் எதுக்குத் தொடுறேன்?"

"யாரோ தொடுறாங்க."

"அப்ப அவளுக்கு உன்னவிட நல்லவன் ஒருத்தன் கெடச்சுட்டான், ஸெனெக்." செல்லப்பெயரில் கூப்பிட்டு, வெள்ளரிக்காய் ஊறுகாயைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. இந்த வீட்டுக்கு மூன்று சாவி. ஒன்று அவனிடம், ஒன்று அவளிடம். மூன்றாவது, மாடி வீடுகளில் எல்லாரும் செய்வதுபோல, தண்ணீர்க் குழாய் உடைந்தால் திறக்க ஆள் வேண்டுமென்று கீழ்வீட்டில் கொடுத்து வைத்தது. லெயோகாடியாவிடம்.

அவளோ, வேறு யாரோ. பகலில் அவன் வேலைக்குப் போனதும் வந்து, தொட்டியைக் கொஞ்சிவிட்டுப் போகிறார்கள். அவன் தவணை கட்டுவான், மின்கட்டணம் கட்டுவான், உப்பு மூட்டையைத் தோளில் தூக்குவான். தொட்டி இன்னொரு கைக்கு விரியும். படுக்கையில் புரண்டு புரண்டு இதையே யோசித்தான். மறுநாள் காலை கோர்னெலுக்குப் போன் போட்டு, அந்தப் பெட்டியைக் கொண்டுவா என்றான்.

"அப்பாடா, புத்தி வந்துருச்சு" என்றான் கோர்னெல். தொட்டியைப் பராமரிக்க ஸெனோன் அதை வாங்கவில்லை. காவலுக்கு வாங்கினான்.

கோர்னெல் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மாட்டினான். மேல் தொட்டி எப்போதும் விளிம்புவரை நிற்கும். மிஞ்சுகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கிற சின்னத் தொட்டிக்கு இறங்கும். மேலே எதையாவது முக்கினால் கீழே மட்டம் ஏறும். அந்தக் கீழ்த் தொட்டியின் சுவரில்தான் மட்டம் பார்க்கும் சென்சாரை ஒட்டினான். "ஒரு சோத்துக்கரண்டிய உள்ள போட்டாலும் இது சொல்லிடும்" என்றான்.

திங்கள், செவ்வாய், புதன். பகலெல்லாம் போனில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கோடு நேராகக் கிடந்தது. ஸெனோன் சாந்து பூசிய கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். யாரும் வரவில்லை. வியாழக்கிழமை மதியம், ஒரு டாக்டர் வீட்டுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றபடி, சும்மா விரலால் கோட்டைப் பின்னால் தள்ளினான். பகலைத் தாண்டி, அதற்கு முந்தின ராத்திரிக்குப் போனான்.

விடிகாலை மூன்று பத்துக்குக் கோடு ஏறியிருந்தது. ஆறு மில்லிமீட்டர். நாற்பது நிமிடம் அப்படியே நின்றிருந்தது. பிறகு இறங்கியிருந்தது.

அதற்கு முந்தின ராத்திரி. மூன்று பத்து. ஆறு.

அதற்கும் முந்தின ராத்திரி. மூன்று பத்து.

"பம்ப்புல காத்து மாட்டியிருக்கும்" என்றான் கோர்னெல் போனில். "தெனமும் அதே நேரத்துக்கா?" "பம்ப்புக்கும் தூக்கம் வராம இருக்கும்டா, உன்ன மாதிரி."

அன்று ராத்திரி யோவிதா கிளம்பிப் போனதும் ஸெனோன் எழுந்து கதவுக்கு உள்சங்கிலி போட்டான். கூடத்துக்குப் போகாமல் படுக்கையறையிலேயே, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு படுத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பம்ப்பின் முனகல், குழாயில் தண்ணீர் இறங்குகிற சளசளப்பு, எங்கோ கீழே யாருடைய வீட்டிலோ நீராவிக் குழாய் தட்டுகிற ஓசை, இவற்றோடு ஈரக் கல்லின் வாசனை கதவிடுக்கு வழியாக வந்து அவன் மூக்குக்குப் பக்கத்தில் தங்கியது. மூன்று பத்துக்கு அந்தச் சளசளப்பு கொஞ்சம் தடித்தது. வேறொன்றும் இல்லை. வாளியிலிருந்து மெதுவாகச் சாய்த்து ஊற்றுவதுபோல, மிஞ்சின தண்ணீர் கொஞ்சம் அதிகமாக இறங்குகிற சத்தம். போனில் ஆறு என்று விழுந்தது. காலையில் பார்த்தபோது சங்கிலி போட்டது போட்டபடி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை யோவிதாவைக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்தான். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முக்காலியில் ஏறினான்.

"நம்பரப் படி."

மணிக்கட்டுவரை விட்டான். "ரெண்டு" என்றாள். முழங்கைவரை விட்டான். "ஆறு." அவன் அப்படியே நின்றான். பவளங்கள் அவன் கையைச் சுற்றி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

"இன்னும் கீழ போகவா?"

"எங்க வேணும்னாலும் போ, எனக்கு உருளைக்கிழங்கு தீயுது."

சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள்வரை இறக்கினான். கன்னம் தண்ணீரில் பட்டது. "பதினாறு" என்றாள் யோவிதா. "என்னடா பண்ற நீ? கையோட எடைய பாக்குறியா?"

நவம்பர் ஒன்றாம் தேதி ஊரே கல்லறைக்குப் போகிற நாள். லெயோகாடியா கண்ணாடிக் கூடுபோட்ட மெழுகுவத்திகள் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டே தவணைக்கு வந்தாள். முன்னூறை வாங்கி, மூவாயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதினாள். ஸெனோன் தேநீர் ஊற்றிக் கொடுத்தான், எதிரே உட்கார்ந்தான்.

"பானி, ஹூபெர்ட் எப்படிச் செத்தாரு?"

"நெஞ்சுதான்."

"எங்க வச்சு?"

அவள் கண்ணாடித் தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நான் ஓபோலேல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ரெண்டு நாள். வந்து பாத்தா முக்காலில உக்காந்திருந்தாரு. கை உள்ள இருந்துச்சு, தோள்வரைக்கும். மொகத்த கண்ணாடிமேல சாச்சு, தூங்குறவரு மாதிரி." ஒரு மிடறு குடித்தாள். "நான்தான் கத்துவேன், அந்தக் காவல் பெட்டி ஒண்ணு வாங்கித் தொலைங்கன்னு. மட்டம் ஏறி எறங்காம நின்னா அது போன் போட்டிருக்குமாமே எனக்கு. வாங்கல. என் தொட்டியில இன்னொருத்தன் கை எதுக்குன்னாரு."

ஸெனோன் தேநீரைத் தள்ளி வைத்தான்.

"ரெண்டு நாள் அந்தத் தண்ணியில ஊறியிருந்துச்சு, பான் ஸெனோன். ஆம்புலன்ஸ்காரங்க வெளிய எடுத்தப்போ..." அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "கை முழுசா இல்ல. அதுங்க சாப்பிட்டிருந்துச்சுங்க. கொறையெல்லாம் சொல்ல மாட்டேன். அவரு கொடுத்ததுதான்."

கிளம்பும்போது தொட்டியின் வலதுமூலையைக் காட்டினாள். "சொரங்கத்துல அவரு மணிக்கட்டு நசுங்கிப் போச்சு. அந்த மூலைக்கு மட்டும் வளையாது. எப்பவும் ரெண்டு விரல் விடுபட்டுரும்." குரலில் ஒரு கோபம் இருந்தது. "பதினாலு வருஷம் ராத்திரி என் பக்கம் படுக்கை காலி. செத்த பிறகும் என் வீட்டுக்கு வரல பாருங்க. இங்கதான் வர்றாரு."

அவள் போன பிறகு ஸெனோன் தொட்டியின் முன்னால் போய் நின்றான். பயம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. கையையே தின்னக் கொடுத்தவனோடு எப்படிப் போட்டி போடுவது?

நவம்பரில் நாள் முழுக்க ஊரின்மேல் நிலக்கரிப் புகை தொங்கியது. தொட்டி மட்டும் எரிந்தது. இதுவரை அவன் பார்த்திராத ஒரு ஊதா நிறம் பவளங்களின் நுனிகளில் வந்தது. கோர்னெல் வந்து பார்த்துவிட்டு விசில் அடித்தான். "பெட்டி மாட்டுனதுக்கு அப்புறம் பாரு. நான் சொல்லல?" ஸெனோன் தலையாட்டினான். பாராட்டைப் பெட்டி வாங்கிக்கொண்டது. வேலை செய்தவன் வேறு. ஸெனோனோ இரண்டுக்கும் நடுவில் தவணை கட்டுகிறவன்.

மாதத்தின் நடுவில் ஒரு ராத்திரி கோடு ஆறோடு நிற்கவில்லை. ஒன்பது. பிறகு பன்னிரண்டு. பதினெட்டாம் தேதியிலிருந்து பதினாறு.

சென்சாரைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று யோசித்தான். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி வாளியோடு இருக்கலாம், தெரியாமல் இருக்கலாம். இரண்டு முறை ஸ்குரூ டிரைவரோடு அலமாரிக்குள் தலையை விட்டான். இரண்டு முறையும் வெளியே வந்துவிட்டான். பெட்டி இல்லாவிட்டாலும் அந்த ஆள் வரத்தான் போகிறான். தனக்குத் தெரியாமல் வருவான், அவ்வளவுதான். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

நவம்பர் கடைசி ராத்திரி. யோவிதா வழக்கம்போல நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, குப்பைப் பையையும் எடுத்துக்கொண்டு போனாள். வெளியிலிருந்து பூட்டு திரும்பிய சத்தம். அவன் சங்கிலி போடவில்லை. எழுந்து கூடத்துக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தான். விளக்கு போடவில்லை. தொட்டியில் நிலாவெளிச்சம் என்று சொல்லிக் கோர்னெல் மாட்டிவிட்ட ஒரே ஒரு நீலப்புள்ளி; அது தண்ணீரில் ஆடி, கூரையில் மெல்லிய வலையாக விழுந்து, அவன் கைகளின்மேலும் முழங்கால்களின்மேலும் சுவரில் தொங்கிய திருமணப் படத்தின்மேலும் ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்தது. உப்பும், பாசியும், அடியில் எங்கோ பழைய இறைச்சியின் இனிப்பும் கலந்த வாசனை. பவளங்கள் இருட்டில் பசித்த வாய்களைத் திறந்து வைத்திருந்தன. கோமாளி மீன் கல்லின் ஓரத்தில் நின்றது. அது தூங்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று ஒன்பது.

பம்ப்பின் முனகல். குழாயின் சளசளப்பு. தன் மூச்சு.

மூன்று பத்து.

தண்ணீர்ப் பரப்பு பிளந்தது. சத்தம் இல்லை. வட்டமாக ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் தண்ணீர் எதன்மேலோ ஒட்டி ஏறி நின்றது. அவன் வலது தோளுக்குப் பக்கத்தில். முக்காலியில் இன்னொருவன் நெருக்கி உட்கார்ந்ததுபோல அந்தப் பக்கம் காற்று கனத்தது. குழாயில் சளசளப்பு தடித்தது. மடியில் போன் ஒளிர்ந்தது. பதினாறு.

மீன் மேலே வந்தது. ஒன்றுமில்லாத தண்ணீரில், ஒரு மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில், உடம்பைச் சாய்த்துத் தேய்த்தது. சுற்றி வந்தது. மறுபடி தேய்த்தது. பிறகு ஒன்றுமில்லாததன்மேல் படுத்துக்கொண்டது.

ஓடு என்று கால்கள் சொல்லின. கதவு ஆறு அடியில் இருந்தது. ஸெனோன் அந்த மீனைப் பார்த்தான். எட்டு மாதம். எட்டு மாதமாக அவன் அதற்கு ஊட்டியிருக்கிறான். ஒருமுறை. ஒருமுறைகூட.

சட்டையைக் கழற்றினான். வலது கையைத் தோள்வரை இறக்கினான்.

பவளங்கள் மூடவில்லை.

போன் அலறியது. முப்பத்திரண்டு. மட்டம் அதிகம். முப்பத்திரண்டு. அவன் விரல்களை நீட்டித் துழாவினான். கல். மணல். பிறகு வேறு விரல்கள்.

குளிர்ந்திருந்தால் அலறிக் கையை இழுத்திருப்பான். வெதுவெதுப்பாக இருந்தன. சரியாகத் தொட்டியின் சூடு, இருபத்தைந்து டிகிரி. அவை அவன் விரல்களுக்கிடையில் ஒவ்வொன்றாக நுழைந்து மெதுவாக மூடின. நசுங்கி வளையாத ஒரு மணிக்கட்டு அவன் மணிக்கட்டோடு ஒட்டியது. சண்டைபோடுகிற பிடி இல்லை. சொல்லிக்கொடுக்கிற பிடி. இங்கே. இப்படி. வெளிச்சம் படுகிற பக்கமாக.

விட்டுவிட்டால் எல்லாம் மறுபடி ஹூபெர்ட்டுடையதாகிவிடும். ஸெனோன் இறுக்கிப் பிடித்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. போன் கத்திக் கத்தி ஓய்ந்தது. ஏதோ ஒரு நேரத்தில் பிடி தளர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவனும் கையை எடுக்கப் பார்த்தான்.

வரவில்லை.

இழுத்தான். தோள் அசைந்தது, கை அசையவில்லை. வலி இல்லை. வலிதான் இல்லை. முழங்கைக்குக் கீழே உணர்ச்சி என்று ஒன்றுமே இல்லை. இடது கையால் மடியிலிருந்த போனைத் திருப்பினான்.

பதினாறு.

தண்ணீருக்குள் ஒரு கை மட்டும் இருந்தது. அது அவனுடையது. அப்படியானால் இன்னொருவன் வெளியே வந்துவிட்டான்.

முதுகுக்குப் பின்னால் தரையில் சொட்டியது. ஒரு சொட்டு. நின்று, இன்னொரு சொட்டு. அவனே ஒட்டிய டைல்ஸ். ஈரக்கால் வைத்தால் எப்படிச் சத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சத்தம் கதவுவரை போய், அங்கே நின்றது. காத்திருந்தது. அவனால் கழுத்தைத் திருப்ப முடிந்தது. திருப்பவில்லை.

ஏழு மணிக்குப் பெட்டி தன் வேலையாக விளக்கை ஏற்றியது. முதலில் நீலம், பிறகு வெள்ளை. கன்னத்தைக் கண்ணாடியில் சாய்த்தபடி ஸெனோன் தன் கையைப் பார்த்தான். ரோமம் இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள், அரிசியளவு. வெளிச்சம் பட்டதும் அவை அசைந்தன. மணிக்கட்டில் ஒன்று திறந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. பிறகு முழங்கைவரை, வரிசை வரிசையாக, ஊதா நுனியோடு சின்னச் சின்ன வாய்கள் திறந்து ஆடின. மீன் வந்து அவற்றின் நடுவில் படுத்தது. எனக்காக, என்று நினைத்தான். எனக்காக விரியுது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

பூட்டில் சாவி திரும்பியது. லெயோகாடியா கறுப்புக் கோட்டில், கையில் ஒரு துணிப்பையோடு உள்ளே வந்தாள். முதலில் அவனைப் பார்க்கவில்லை. கதவோரத்தில், ஆள் இல்லாத இடத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். முகம் இளகியது. பையிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்து, இரு கையாலும் விரித்து, நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, முன்னால் நீட்டிப் போர்த்தினாள். கையை எடுத்த பிறகும் துண்டு விழவில்லை. தோள் அகலத்துக்கு நின்றது. மெதுவாக நனைந்து கறுத்தது.

"நடுங்குறீங்க பாருங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "போதும். வீட்டுல அடுப்பு மூட்டி வச்சிருக்கேன்."

"பானி" என்றான் ஸெனோன். "பானி லெயோகாடியா. என் கை."

அவள் திரும்பினாள். தொட்டியை நெருங்கி வந்து, கையில் விரிந்திருந்ததை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். நல்ல தையலைப் பார்ப்பதுபோல நிதானமாக.

"ஒங்களுக்கு நல்லா பிடிச்சுருச்சு" என்றாள். "அவருக்குக்கூட மொத நாளே இப்படி வரல."

பிறகு மேசைக்குப் போய், பையிலிருந்த நோட்டை விரித்து, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தின்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். அதற்குக் கீழே எதையும் எழுதவில்லை.

"இனிமே நீங்க எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல, பான் ஸெனோன்" என்றாள். "முழுக்க ஒங்களோடதுதான்."